அறுபது பேருக்கும் நூற்று இருபது, எண்பது

பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து, ரத்தக் கொதிப்போடு வெளியே அனுப்பப்பட்ட ஜேசுதாஸுக்கு டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று மூன்றாம் முறையாகக் கடிதம் வந்தது. ஏற்காடு மலையில் தன் ஊரான தலைச்சோலையில், காப்பிப் பழம் காயும் களத்தில் நின்றபடியே உறையைக் கிழித்தார்.

முதலில் மருத்துவ போர்டு மறுத்தது. பிறகு இரண்டு மேல்முறையீடுகள். மூன்றுக்கும் ஒரே பதில், எழுத்துப் பிழைகூட மாறவில்லை. நோய் அமைதியான ஊரில் பணிபுரிந்தபோது கண்டறியப்பட்டது. பரம்பரையாக வந்திருக்கலாம். பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பரம்பரையாம்! அவருடைய அப்பா எழுபத்து நான்கு வயதில் அந்த நேரம் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் போன மாதம்தான் ஏற்காடு ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. கடிதம் எழுதிய மேசைக்காரன் எந்தப் பரம்பரையைக் கண்டான்? சோதித்துப் பார்க்காமல் எழுதுவதற்குப் பெயர் மருத்துவம் என்றால், குறி சொல்கிறவர்களையே போர்டில் உட்கார வைத்திருக்கலாம்.

மனைவி மரியசெல்வி பழத்தைக் கிளறியபடி மெல்லச் சொன்னாள். "ஏனுங்க, கோயில்ல ஒரு பூசைக்குச் சொல்லட்டுங்களா? ஆண்டவரோட சோதனைன்னு ஃபாதர்கூடச் சொன்னாருங்க."

"ஆண்டவர் எந்தப் போர்டுல கையெழுத்துப் போட்டாரு? போட்டது மூணு டாக்டருங்க. அவனுங்களைத்தான் கேக்கோணும்."

கேட்க வாய் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு பயமும் இருந்தது. அதை மரியசெல்வியிடம்கூட அவர் சொன்னதில்லை.

எல்லையில், பதினைந்தாயிரம் அடி உயரத்தில், பனிக்குள் இரண்டு வருடம் காவல் இருந்தார். டப்பாச் சாப்பாடு, உப்பு ஊறுகாய், மண்ணெண்ணெய்ப் புகை, அரைத் தூக்கம். காலையில் எழுந்தால் பின்மண்டையில் சுத்தியலால் அடிப்பதுபோல் இருக்கும். வாய் திறக்கவில்லை. பிரஷர் என்று ஏட்டில் ஏறிவிட்டால் மருத்துவத் தகுதியைக் குறைப்பார்கள். பதவி உயர்வு போகும். வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்று கூட இருப்பவனே காறித் துப்புவான். அந்த முகாமில் அறுபது பேரும் அப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

மாதா மாதம் பிரஷர் பார்த்து ஏட்டில் எழுத வேண்டிய மருத்துவ உதவியாளர் அருண்குமார், தலைச்சோலைக்குப் பக்கத்து ஊரான வாழவந்திக்காரர். கருவியின் ரப்பர் குழாய் குளிரில் வெடித்துப் போயிருந்தது. புதிது கேட்டு எழுதினார், வரவில்லை. பிறகு கேட்கவும் இல்லை, அளக்காமலே ஏட்டை நிரப்பினார்.

"மாப்ள, தலைவலின்னு எழுதிராத. ஹவில்தார் ஆகற நேரம்" என்று ஜேசுதாஸே அவரிடம் கெஞ்சியிருந்தார். ஹவில்தாரும் ஆனார். கீழே இறங்கிய ஐந்தாம் மாதம், பரேடில் மயங்கி விழுந்தார்.

சேலத்தில் வக்கீல் சுகுணாவின் எதிரே உட்கார்ந்து இதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

"அப்ப ஏட்டுல இருக்கிறது பொய். அதுக்கு நீங்களும் உடந்தை."

"ஆமாங்க வக்கீலம்மா. கேசு போச்சுங்களா?"

"உங்களுக்கு மட்டுந்தான் அப்படி எழுதுனாரா?"

"எல்லாத்துக்குந்தானுங்க. அறுவது பேருக்கும் நூத்தி இருவது, எம்பது."

சுகுணா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அண்ணா, இதைப் போயி ஒளிச்சு வெச்சிருந்தீங்களா! சேரும்போது உங்களுக்கு எந்த நோயும் இல்லீங்க. நடுவுல வந்த நோய் வேலையால வரலைன்னு அவங்கதான் காட்டோணும். அதுக்கு அந்த ஏட்டைத்தான் தூக்கிட்டு வருவாங்க. வரட்டும்."

திரும்பும் வழியில், ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அருண்குமார் வைத்திருந்த மருந்துக் கடைக்கு ஜேசுதாஸ் நேராகப் போனார். பின்னால் போய்க் குத்துவது அவருக்கு ஆகாது; ஏட்டு கோர்ட்டுக்கு வரப்போவதை முகத்துக்கு நேரே சொன்னார்.

"டேய், உனக்காகத்தானடா எழுதுனேன்! இப்ப எம் பென்ஷன்ல மண்ணள்ளிப் போடறயா?"

"உம் பேரை நான் சொல்ல மாட்டேன்."

"ஏட்டுல எங்கையெழுத்து இருக்குதே, அது சொல்லாதா?"

"அதுக்குக் கீழ ஆபீசர் கையெழுத்தும் இருக்குது. குழாய் கேட்டதுக்குத் தராதவன் அவன். பயப்பட வேண்டியது நீயா, அவனா?"

"நொம்ப நாயம் பேசாத. வெளிய போடா. இனி மாத்திரை வேணும்னா சேலத்துல போயி வாங்கிக்க."

அன்றிலிருந்து சேலத்தில்தான் வாங்கினார்.

சென்னைத் தீர்ப்பாயத்தில் அரசு வக்கீல் அந்த ஏட்டை வெற்றிக் கோப்பைபோல நீட்டினார். "பனிமலையில் இருந்த இருபத்து நான்கு மாதமும் மனுதாரருக்கு நூற்று இருபது, எண்பது. நோய் அங்கே இல்லவே இல்லை."

"மற்றவர்களுடைய வரிசையையும் ஒருமுறை பார்க்க வேண்டும்" என்றார் சுகுணா.

நீதிபதி ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். இருபத்திரண்டு வயதுக்காரனுக்கும் நூற்று இருபது, எண்பது. நாற்பத்து நான்கு வயது சுபேதாருக்கும் அதே. பிப்ரவரியில் மூச்சுத் திணறி, ஸ்ட்ரெச்சரில் கீழே இறக்கப்பட்டு, திரும்பியே வராத சமையற்காரருக்கும் மார்ச்சில் நூற்று இருபது, எண்பது.

"ஆள் இல்லாமலே பிரஷர் பார்த்தீர்களா?" என்றார் நீதிபதி. அரசு வக்கீல் தன் கோப்புக்குள் எதையோ தேடினார். அது அங்கே இல்லை.

நம்ப முடியாத ஏட்டைக் காட்டி ஒரு சிப்பாயின் உரிமையை மறுக்க முடியாது, நோய் பணியால் தீவிரமடைந்ததே, பென்ஷனைக் கொடுங்கள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் அந்த அலுவலகம் ஆறு மாதம் உத்தரவின்மேல் உட்கார்ந்திருந்தது. மறுக்கும் கடிதங்கள் மட்டும்தான் அங்கிருந்து சீக்கிரம் புறப்படும். பத்துப் பேரை மறுத்தால் ஒன்பது பேர் சோர்ந்து வீட்டில் முடங்கிவிடுவார்கள் என்பது அவர்களுக்குப் பாடம். அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான், பென்ஷன் ஏறிய அடுத்த வாரம், பைக்கில் வந்து களத்தோரம் நின்றார்.

அருண்குமார். கையில் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு பழைய கடிதம்.

"எனக்கும் பிரஷர்தான் மாப்ள. பரம்பரைன்னு எழுதி டிசபிலிட்டி பென்ஷன் இல்லைன்னுட்டானுங்க. அப்பீல் பண்ணவே இல்ல."

ஜேசுதாஸ் அவரை உட்காரச் சொல்லவில்லை. "அந்த ஏட்டுல உம் பேருக்கு நேரா என்ன எழுதியிருந்த?"

அருண்குமார் கடிதத்தை மறுபடி மடித்தார்.

"அதேதான்."

"நாளைக்கு மொதல் பஸ்ஸு. வக்கீலம்மாகிட்ட நீயே உன் வாயால சொல்லோணும், குழாய் வெடிச்சதுலருந்து. லேட்டா வந்தீன்னா உட்டுட்டுப் போயிருவேன்."