அரை கிளாஸ் மருந்து

ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. தெருவில் எல்லாருக்கும் அவள் ஊசியக்கா. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அளவாகக் குடிப்பவர்களுக்குத்தான் இதயம் நன்றாக இருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, குடியே தெரியாத புருஷனுக்குத் தினமும் சாயங்காலம் அரை கிளாஸ் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தாள். துணைக்கு ஒரு வாய் குடித்தால்கூட அவள் முகம் குப்பென்று சிவந்து நெஞ்சு படபடக்கும். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

இன்று அதே டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார்.

"சில பேருக்குப் பிறவியிலேயே குடி ஒத்துக்காது, முகம் சிவந்துடும். அதனால தொடமாட்டாங்க. குடி நல்லதுன்னா அவங்களுக்குத்தானே நோய் அதிகம் வரணும்? நீங்க எடுத்த ரத்தத்துல அந்தப் பிறவிக்கூறு உள்ளவங்களைப் பிரிச்சுப் பார்த்தா, அவங்களுக்குத்தான் பக்கவாதம் கம்மி. முன்னாடி நாம பார்த்த குடிக்காதவங்கள்ல பாதிப்பேர், ஏற்கெனவே நோய் வந்து குடியை விட்டவங்க. அவங்களோட ஒப்பிட்டதால குடிக்கிறவங்க நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. தப்புக்கணக்கு போட்டுட்டோம்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தப்புக்கணக்காம்!

வீட்டில் ஒரு கையும் காலும் விளங்காமல் கட்டிலில் கிடந்த புருஷன், நல்ல கையால் கிளாஸை நீட்டினார்.

"இனிமே வேணாங்க."

"எனக்கு வேற என்னடி இருக்கு?"

அவள் ஊற்றினாள். ஒரு மடக்கு குடித்தவர், கோணிய வாயால் சிரித்தார்.

"பாவம், உனக்குத்தான் குடுத்து வைக்கல."