பக்கத்தில் இருந்தவள்

எங்கள் ஆய்வகத்தில் அவரைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவோம். இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் புள்ளி பார்ப்பதுதான் அவர் பிழைப்பு, என் பிழைப்பும் அதுதான். ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகப்படுகிறவர்களின் ரத்தம் எங்களிடம் வரும். செல்லின் கருவுக்குள் ஒன்பதாவது குரோமோசோமில் ஓர் இடத்துக்குச் சிவப்புச் சாயமும், இருபத்திரண்டாவதில் ஓர் இடத்துக்குப் பச்சைச் சாயமும் போடுவோம். புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் பிழைத்தோம். இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரிந்தால், அந்தக் குரோமோசோம்கள் உடைந்து துண்டு மாறி ஒட்டியிருக்கின்றன, நோய் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த இரண்டும் கருவுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பவை. அதனால் நல்ல ரத்தத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் உரசிக்கொண்டு மஞ்சளாக ஏமாற்றும். அதற்கு எங்கள் பேச்சில் 'அக்கம்பக்கம்' என்று பெயர். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அக்காவின் தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவன் ரத்தம் வந்தபோது பார்த்த இடமெல்லாம் மஞ்சள். மாத்திரை ஆரம்பித்தார்கள்.

அக்காவின் அப்பா ஓய்வுபெற்ற சர்வேயர். ஒன்று நடந்தால் அதற்கு ஓர் ஆளைக் கைகாட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. கைகாட்ட வாகாக மருமகள் இருந்தாள். அவள் அழகு நிலையத்தில் முடிக்குச் சாயம் பூசுகிறவள். அந்த வாடையோடு வீட்டுக்கு வந்துதான் பிள்ளையின் ரத்தத்தைக் கெடுத்தாள் என்று, அவள் பரிமாறிய தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். அவன் நோயாளி என்பதால் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன்.

அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் அக்கா வாயைத் திறந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் எதிரே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து, ஒரு வட்டம் போட்டு, உள்ளே இரண்டு நூல்களை அடுத்தடுத்து வரைந்தார். அவருக்குப் புரியட்டும் என்று அவர் தொழிலிலிருந்தே எடுத்துச் சொன்னார். அடுத்தடுத்த இரண்டு மனைகளின் வேலி ஒரே நேரத்தில் விழுந்தால், திரும்ப நடும்போது இவன் துண்டு அவனுக்கும் அவன் துண்டு இவனுக்கும் போய்விடுகிறது. செல் தன்னையே ரிப்பேர் பார்க்கும்போதும் அதே குளறுபடிதான்.

"யாரும் எதுவும் பண்ணலப்பா. பக்கத்துல இருந்துச்சு, ஒண்ணா ஒடைஞ்சுது, மாறி ஒட்டிக்கிச்சு. அவ்ளோதான்."

சர்வேயர் நன்றாகக் கேட்டுக்கொண்டார். எங்களிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள்கூட அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

"அப்போ தூரத்துல இருந்திருந்தா இது நடந்திருக்காது?"

பெரும்பாலும் நடக்காது என்றார் அக்கா.

"என் பிள்ளைக்குப் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருந்தது யாரு?"

அது செல்லுக்குள் நடப்பது, வீட்டுக்குள் நடப்பதில்லை என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டார். இப்போது பேச்சை மாற்றாதே என்று சொல்லிவிட்டு, அவர் அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வருகிற உறவினர்களுக்கெல்லாம் அதைப் பிரித்துக் காட்டினார். படித்த மகளே சொல்லிவிட்டாள், இனி யார் எதிர்த்துப் பேசுவது?

மருமகளை ஊரின் அந்தக் கோடியிலிருந்த அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் சுத்தமாகட்டும், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்றார் சர்வேயர். அந்த ஒரு வார்த்தையைத்தான் புள்ளியக்காவும் அந்தப் பெண்ணும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சொந்தக்காரர் ஸ்லைடை நாங்கள் பார்க்கக் கூடாது. அதனால் தம்பியின் ஸ்லைடு என்னிடம் வந்தது. மாத்திரை வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் மஞ்சள் குறைந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது அக்கம்பக்கத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. வெளியே வந்து சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அடுத்த நாள் வந்தவரின் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டில் நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னார்.

"பாத்தியா, அவ போனா, சுத்தமாச்சு" என்றாராம் அப்பா. மாத்திரையால் ஆனது என்று அக்கா சொன்னதற்கு, அவள் இருந்தபோதும் அதே மாத்திரையைத்தானே முழுங்கினான், அப்போது ஏன் ஆகவில்லை என்று கேட்டாராம். அப்போது மாத்திரை தொடங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. அதையும் அக்கா சொன்னார். யார் கேட்டார்கள்? கடைசியில் தம்பியைப் பார்த்தார். அவன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"இப்போதான் சரியாயிருக்கு. எதுக்குக்கா ரிஸ்க்கு?" என்றான்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண் ரத்தம் வாங்கும் கவுண்டருக்கு வந்துவிட்டாள். வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தாள், விரல் நகங்களில் சாயம் கறுத்திருந்தது.

"ரிசல்ட் வந்துடுச்சா அண்ணி?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுத்தமாகிவிட்டது என்று சொன்னால், அப்புறம் ஏன் கூப்பிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புருஷன் சொன்னதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா" என்றார் அக்கா.

அவள் அழவில்லை. கையிலிருந்த சாயத்தைப் புடவைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"இவ்ளோ தூரம் போயும் பத்தலையா? இன்னும் தள்ளிப் போயிடட்டுமா அண்ணி?"