ரோன் கழிமுகத்தில் எனக்குக் கிடைத்த ஒரு சொல்

அடியார்களே, என் கணவர் விழுந்தது நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், நடுத்தெருவில், காலை பத்தரை மணிக்கு. ரூ காய் என்ற தெருவில் உள்ள எங்கள் சேலைக்கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம்.

உயிர் தப்பியது. பேச்சு போய்விட்டது. சிரிப்பார், அழுவார், கோபப்படுவார். ஒரு சொல்லும் வராது. பதினொரு மாதம் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். "அதிகம் எதிர்பார்க்காதீர்கள், மடாம்" என்றார் மருத்துவர்.

அந்த நாட்களில் இதே கோயிலில் உங்களில் சிலர் சொன்னதை நான் மறக்கவில்லை. முன்வினை என்றீர்கள். கண்ணூறு என்றீர்கள். அவருக்கு முன்னாலேயே சொன்னீர்கள், பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்பதுபோல. நான் நொறுங்கிப்போனேன். வீட்டில் அம்மன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மூன்று வாரம் விளக்கு ஏற்றவில்லை. இதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அப்போதுதான் கடைக்கு ஒரு ரோமா நாடோடி இனப் பெண் வந்தாள். சரிகை வைத்த சிவப்புத் துணி கேட்டாள். யாருக்கு என்றேன். "எங்கள் சாராவுக்குப் போர்த்த" என்றாள். தெற்கே, ரோன் ஆறு கடலில் சேருமிடத்தில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இருக்கும் கறுப்புப் புனிதையாம். சாரா காளி என்றுதான் கூப்பிடுவார்களாம், அவர்கள் மொழியில் காளி என்றால் கறுப்பாம். மூலையில் வாயடைத்து உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போ. கெஞ்சாதே. கேள்."

மச்சாள், என் கணவரின் தங்கை, விஷயம் கேள்விப்பட்டுப் புறநகர் திரான்சியிலிருந்து ஓடி வந்தாள்.

"எங்கட அம்மன் இஞ்சை இருக்க, வேற ஆக்களின்ர கோயிலிலை உனக்கென்ன வேலை? இந்த நிலைமையிலை அண்ணையை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகப்போறியோ?"

"ஓம் மச்சாள், போகத்தான் போறன். கறுப்பா, காளியெண்ட பேரோடை இருக்கிறவ எனக்கு வேற ஆளில்லை."

புரட்டாசியில் நானே வாகனம் ஓட்டினேன். ஆர்ல் நகரத்தருகே ஆறு இரண்டாகப் பிரிகிறது. நடுவில் உப்பும் சேறும் நாணலும். கறுத்த காளைகள், வெள்ளைக் குதிரைகள், கொசுக் கூட்டம். அறுவடைக்கு நின்ற நெல்வயல்களைக் கண்டதும் என் கணவர் இடக்கையால் கண்ணாடியில் தட்டித் தட்டிக் காட்டினார்.

நிலவறையில் மெழுகுவர்த்திகளின் வெக்கை. அடுக்கடுக்காகப் போர்த்த துணிகளுக்குள் சாராவின் முகம் மட்டும் தெரிந்தது. இவருடைய உணர்வற்ற வலக்கையைத் தூக்கி அந்தக் கறுத்த கன்னத்தில் வைத்தேன். காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பும் வழியில் எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஏரிக்கரையில் வாகனத்தை நிறுத்தி, அவரை உள்ளே விட்டுவிட்டுச் சதுப்புக்குள் இறங்கினேன். தூரத்தில் பூநாரைகள் நின்றன. நான் வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"நீ காளியோ மாதாவோ எனக்குத் தெரியாது! பதினொரு மாசம் கெஞ்சிப்போட்டன், இனிக் கெஞ்சமாட்டன். அவரின்ர வாயிலை ஒரு சொல் தா. தராட்டி இஞ்சையிருந்து அசையமாட்டன்!"

"இஞ்சேரப்பா!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்ட சொல். திரும்பினேன். எனக்கும் வாகனத்துக்கும் நடுவில், வேலி தாண்டிய ஒரு காளை தலையைத் தாழ்த்தி நின்றது. இவர் கதவைத் திறந்துகொண்டு பாதி வெளியே தொங்கியபடி மறுபடி கத்தினார்: "இஞ்சேரப்பா!"

 பக்கத்து வயலில் நின்ற ஒரு மொரோக்கோக்காரர் ஹாரனை அலறவிட்டபடி டிராக்டரை எனக்கும் காளைக்கும் நடுவில் கொண்டுவந்தார். காளை நாணலுக்குள் போனது. நான் இவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். விஷயத்தைக் கேட்ட அந்த மனிதர் இரு கைகளையும் ஏந்தி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்காக அவர் தன் கடவுளுக்கு நன்றி சொன்னார். நானும் கைகூப்பினேன்.

பயத்தில் சிலருக்கு இப்படிப் பேச்சு வருவதுண்டு என்கிறார் மருத்துவர். வரட்டும். அந்தக் காளையை அந்த நிமிடத்தில் அனுப்பியது யார் என்று அவர் சொல்லவில்லை.

அம்மன் படம் இப்போது நேராக இருக்கிறது. தினமும் விளக்கு எரிகிறது. இவர் கடையில் உட்கார்ந்து சேலைகளின் நிறத்தைச் சொல்கிறார். பச்சையைச் சிவப்பு என்பார், தானே சிரிப்பார். தாயே, இது போதும் என்று நான் சொல்லமாட்டேன், இன்னும் கேட்பேன். ஆனால் தந்ததற்கு ஆயிரம் முறை நன்றி.

துன்பத்தில் இருப்பவர்களே, நீங்களும் கேளுங்கள். அழுது கேளுங்கள், சண்டை பிடித்துக் கேளுங்கள். அவள் தாய், கோபிக்கமாட்டாள்.

அடுத்த வெள்ளி இவரைக் கோயிலுக்குக் கூட்டிவருகிறேன். என்னிடம் நலம் விசாரிக்காதீர்கள். அவரையே கேளுங்கள். பதில் வர நேரமெடுக்கும். நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.