சுடாத கற்பூரம்

என் நோயின் முதல் அறிகுறியைப் பார்த்து ஊரே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது.

எண்பதுகளின் பிற்பகுதி. தலைச்சோலை என்ற மலைக் கிராமத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்தது. நான் பால்வாடி டீச்சர். அந்த வருடம் பூ மழை (காப்பிச் செடி பூப்பதற்கு வேண்டிய கோடை மழை) தப்பாமல் பெய்தது. வேண்டிக்கொண்டபடி, சேர்வராயன் கோயில் திருவிழாவில் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றினேன். சூடு பொறுக்காமல் எல்லோரும் சீக்கிரமே தட்டில் போட்டுவிடுவார்கள். என் கையில் அது முழுக்க எரிந்து அணைந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சாமி ஏத்துக்கிச்சுங்க," என்று என் மாமியார் சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். அன்று முதல் அக்கம்பக்கத்தார் என் கையால் திருநீறு வாங்க வந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்றால் பொய்.

உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து சீழ் வைத்தது. அப்போதும் வலி இல்லை. என் கணவர் மட்டும்தான் சந்தேகப்பட்டார். "சாமி தொட்ட கைன்னா எதுக்கு அம்மிணி இப்பிடி நாறுது?" என்று கேட்டு, மறுநாளே பஸ் ஏற்றிச் சேலத்துக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "பஞ்சால தொடறேன். எங்கே தொடறேன்னு சொல்லுங்கம்மா."

"தொடுங்க, சொல்றேனுங்க," என்றேன்.

அவர் ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருந்தார்.

முழங்கையருகே நான் தேமல் என்று விட்டிருந்த வெளிறிய படையைப் பார்த்தார். அங்கே நரம்பு தடித்திருந்தது. தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய்) என்றார். "கிருமியை மாத்திரை கொன்னுடும். சாப்பிட ஆரம்பிச்சா யாருக்கும் பரவாது. உணர்ச்சி திரும்புமான்னு இப்பச் சொல்ல முடியாது. ஆனா காயத்தைக் கவனிக்காம விட்டா விரலே போயிடும். தினமும் கையைத் தண்ணியில ஊறவெச்சு, எண்ணெய் தடவி, வெளிச்சத்துல பாருங்க."

நான் அழவில்லை. பஸ் மலை ஏறும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். யாருக்கோ வந்த நோய் மாதிரி இருந்தது. கை மரத்ததுபோல மனசும் மரத்துவிட்டது.

வீட்டில் திருநீறுக்காக ஒரு பெண் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்ட மாமியார் திருநீற்றுத் தட்டை உள்ளே எடுத்து வைத்தார். பிறகு அவளிடம், "அவ கையில சாமி இல்லீங்க, சீக்குங்க. நாந்தேன் தெரியாம சொல்லிப்போட்டேன்," என்றார். அதற்குப் பிறகு யாரும் திருநீறுக்கு வரவில்லை. சிலர் பிள்ளைகளைப் பால்வாடிக்கு அனுப்புவதை நிறுத்தி, பல மாதம் கழித்து மறுபடி அனுப்பினார்கள்.

மாத்திரையால் சிறுநீர் சிவந்தது, தோல் கறுத்தது. இரண்டும் மருந்தின் வேலைதான், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையைப் பார்ப்பதுதான் எனக்கு மறந்து மறந்து போயிற்று. அதனால் சாயங்காலம் சாமிக்கு விளக்கேற்றும் நேரத்தோடு அதைச் சேர்த்துக்கொண்டேன். அதுவரை விளக்கின் முன் நின்றால் அதைக் கொடு, இதைக் கொடு என்று கேட்பேன். இப்போது கேட்க வாய் வரவில்லை. விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தேன், அரிசியில் கல் பொறுக்குவதுபோல. பக்தி என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஒருநாள் பார்த்து முடித்தபோது காயமே இல்லை. "நல்லதுங்க சாமி" என்று வாய் தானாகச் சொன்னது. மறுநாளும் சொன்னேன். காயம் இருந்த நாளில், கண்ணில் பட்டதே என்று அதற்கும் சொன்னேன். துணி இல்லாமல் பாத்திரம் இறக்குவதில்லை என்றானது. எதையும் பார்த்துத் தொட வேண்டியிருந்ததால் நடையும் பேச்சும்கூட நிதானப்பட்டன. இதை அமைதி என்று சொல்லலாமா, தெரியவில்லை. பதற்றம் குறைந்தது.

மருந்து முடிந்ததும் டாக்டர் மறுபடி பஞ்சை எடுத்தார். சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "கிருமி போயிடுச்சும்மா. இந்த உணர்ச்சி இனி வராது," என்றார். சரிங்க என்று எழுந்து வந்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

அந்த வருடம் காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் ஒரு சாயங்காலம், சுண்டுவிரலில் மரச் சிராய் ஒன்று ஆழமாக ஏறியிருந்ததை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். கணவரைக் கூப்பிட்டேன். அவர் ஊசியால் மெல்லக் கிளறினார். ரத்தம் வந்தது. சிராயை இழுத்தபோது அவர் பல்லைக் கடித்து, முகத்தைச் சுளித்து, "ஸ்ஸ்" என்றார்.

"எனக்குத்தான் வலிக்கலீங்களே," என்றேன்.

"எனக்கு வலிக்குதே அம்மிணி," என்றார், விரலை விடாமல்.

அன்றுதான் அழுதேன். இத்தனை நாளும் அந்த விரலுக்கு வலி இல்லை என்றே நினைத்திருந்தேன். அது அவரிடம் இருந்திருக்கிறது.