டீலியாவுக்கு வேண்டிய அகலம்

ரோசிலி சாக்கோவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவளுக்குச் சட்டம் என்றால் சட்டம்தான். மாத்திரை எட்டு மணிக்கு என்றால் எட்டு மணிக்கு. போப்பாண்டவரே எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்தாலும், கையைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள் என்பாள். கேரளத்துப் பாலாவில் பிறந்து, சவூதியில் சில வருடம் காய்ந்து, பிறகு அயர்லாந்தின் இந்த மேற்கு மூலைக்கு நனைய வந்த நர்ஸ் அவள். கணவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். நான் அந்த இல்லத்தின் சமையற்காரி, இந்த ஊர்க்காரி.

எங்கள் இல்லத்து ஜன்னல்கள் நாலு விரலுக்கு மேல் திறக்காது. யாரும் விழுந்துவிடக் கூடாது என்று இரும்புத் தடுப்பு வைத்துப் பூட்டியிருக்கிறது. கட்டடமோ தரைத்தளம். எகிறி விழுந்தால் ரோஜாச் செடியில் விழலாம், அவ்வளவுதான். சாவி மேலாளர் ஃபினோலாவிடம் இருக்கும்.

இந்த நாலு விரல்தான் டீலியாவுக்குப் பிடிக்கவில்லை. டீலியா கல்யாணம் செய்துகொள்ளாமல் கறிக்கடை நடத்தியவள், ஆள் நல்ல கனம். இதயம் பழுதாகி டாக்டர் கையை விரித்துவிட்டார். சாவதில் அவளுக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவர் சாகும்போது ஆன்மா வெளியே போக ஜன்னலைத் திறந்து வைப்போம். அந்த வழியில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது.

“ரோசிலி, இந்தச் சந்து வழியா நான் எப்படிப் போறது?”

“ஆன்மாவுக்கு உடம்பு கிடையாது டீலியா.”

“யாரு சொன்னா?”

“வேதபாட வகுப்புல சொன்னாங்க.”

“எங்க பெரியம்மாவ நீ பாத்ததில்ல. அவ செத்தப்போ வாசக்கதவையும் சேத்துத் திறந்து வெச்சோம்.”

பாதிரியாரைக் கேட்டார்கள். நாலு விரல் தாராளம் என்றார் அவர். “அவரு ஒல்லி. அவருக்குப் போதும்” என்றாள் டீலியா.

விஷயம் சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. பேக்கி என்று ஒரு கிழவர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டார். “கதவுல இருக்கிற தபால் ஓட்டை வழியா நான் தள்ளாத பார்சலா? கொஞ்சம் மடக்கினா எல்லாம் போயிடும், டீலியா.”

“என்னைய நீ மடக்க வேண்டாம்.”

ரோசிலி முறைப்படி ஃபினோலாவிடம் போய்ச் சாவி கேட்டாள். நான் அங்கே தேநீர் கொண்டுபோயிருந்தேன்.

“இன்ஸ்பெக்‌ஷன் வருது, ரோசிலி. ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்.”

“எல்லாரும் சாகத்தான் போறாங்க, மேடம்.”

ஃபினோலா முடியாது என்றாள். ரோசிலி சரி என்று வந்துவிட்டாள். சட்டமாயிற்றே. எனக்கு அவள்மேல் கோபம்தான்.

அடுத்த வாரம் டீலியாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கேலிப் பேச்சு நின்றது. போர்வை மாற்றிக்கொண்டிருந்த ரோசிலியின் கையைப் பிடித்து, “இந்த ரூம்லயே மாட்டிக்குவேனோன்னு பயமா இருக்கு, பொண்ணே” என்றாளாம்.

அதை என்னிடம் சொல்லத்தான் ரோசிலி சமையலறைக்கு வந்தாள். நின்றபடியே சொன்னாள். “எங்கம்மா செத்தப்போ நான் பக்கத்துல இல்ல. பிளைட் கெடச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள பெட்டிய மூடிட்டாங்க. அம்மா கடைசியா என்ன கேட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இவங்க கேட்டது மட்டும் காதுல விழுந்திருச்சு. நான் என்ன செய்யட்டும்?”

ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் பிற்பகல் எல்லோரும் சாப்பாட்டுக்கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபினோலா வங்கிக்குப் போயிருந்தாள். நடைபாதையில் சக்கரச் சத்தம் கேட்டது. ரோசிலி டீலியாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தாள். டீலியாவின் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது.

கூடத்தின் கோடியில் தோட்டத்துக்குப் போகும் இரட்டைக் கதவு இருக்கிறது. தீப்பிடித்தால் மட்டுமே திறக்க வேண்டியது. மற்ற நேரம் தொட்டால் அலாரம் அலறும்.

“கொஞ்சம் வழி விடுங்க” என்றாள் ரோசிலி.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சக்கர நாற்காலிகள் நகர்ந்தன. பேக்கி ஒரு மேஜையையே இழுத்தார். ரோசிலி கட்டிலைக் கதவருகே நிறுத்தினாள். சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு கதவுகளையும் தள்ளித் திறந்தாள். அலாரம் கூரையைப் பிய்த்தது. சாரல் உள்ளே வந்தது.

டீலியா கண்ணைத் திறந்து, கடை வாசலில் வந்து நிற்கும் மாட்டைப் பார்ப்பதுபோல அந்தக் கதவை அளந்தாள்.

“அகலம் பரவால்ல” என்றாள். பிறகு, “மழையாச்சே.”

ரோசிலி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்தினாள். கையைப் பிடித்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவிலிருந்து விலகி நின்றாள். அழுதாள். நானும்தான்.

அப்போதுதான் வங்கியிலிருந்து திரும்பி, அலாரம் கேட்டுத் தோட்டத்து வழியாக ஓடிவந்த ஃபினோலா, திறந்த வாசலின் நட்டநடுவில் வந்து நின்றாள்.

“யாரு இதத் திறந்தது?”

“நான்தான் மேடம்.”

“ஃபினோலா, நீ வழில நிக்கிற” என்றார் பேக்கி.

ஃபினோலா கட்டிலைப் பார்த்தாள். அவளும் பக்கத்து ஊரில் பிறந்தவள்தான். சிலுவை போட்டுக்கொண்டு, வெளியே மழையிலேயே சுவரோடு ஒட்டி ஒதுங்கி நின்றாள். அலாரத்தை நிறுத்தும் சாவி அவள் பையில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.