ஓடைப் புறம்போக்கில் ஒரு துப்பாக்கி

ராஜபாளையம் மலையடிவாரச் செக்போஸ்ட்டில் வனக்காப்பாளராகச் சேர்ந்த முதல் நாளே, மலைக்கோயிலுக்குப் போனவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து, காட்டுக்கறி வாசம் அடிக்கிறதா என்று மோந்து பார்த்தேன். ஒருவர் பையில் கிளட்ச் வயர் இருந்தது. கண்ணி வைக்கத்தான் என்று பிடுங்கிக்கொண்டேன். பாவம், அவர் பைக் மெக்கானிக். இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வனவராக இருக்கிறேன். என் புத்தி பெரிதாக மாறிவிடவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக, அந்தப் புத்தி என்னைக் கவிழ்த்த கதையை எழுதுகிறேன்.

1. கேள்வி

ராமசுப்பு ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சேத்தூர்ப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருந்தார். பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் துப்பாக்கியும் உண்டு. ஒருநாள் செக்போஸ்ட்டுக்கு வந்தார்.

"மேடம், ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள துப்பாக்கியோட போகக்கூடாது, தெரியும். எங்க தோட்டத்த ஒட்டி ஓடைப் புறம்போக்கு கெடக்கு. அதுவும் கவர்மெண்ட் எடம்தான். அங்க வச்சுப் பன்னியச் சுடலாமா?"

சுடுகிறவன் எவனாவது கேட்டுவிட்டுச் சுடுவானா? நாங்கள் எதுவரை ரோந்து வருகிறோம் என்று ஆழம் பார்க்கிறார் என முடிவு கட்டினேன்.

"அது ரெவென்யூ எடம் சார். எங்க கண்ட்ரோல்ல இல்ல. எங்ககிட்ட கேக்காதிய."

"சரி மேடம்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் ஒரு கண் வைக்கும்படி, எங்களோடு ரோந்து வரும் வாட்சரிடம் உடனே சொன்னேன்.

2. ஓடை

பத்து நாள் கழித்து, விடிந்ததும் வாட்சர் போன் செய்தார். "மேடம், ஆளு துப்பாக்கியோட ஓடைக்குள்ள உக்காந்திருக்காரு. வெரசா வாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். ராமசுப்பு ஓடவில்லை, ஒளியவும் இல்லை.

"செத்த மெதுவா வாங்க மேடம், பன்னி வார நேரம்" என்றார்.

"யாரக் கேட்டு வந்திய? காட்டுப்பன்னியச் சுட்டா கேஸு, தெரியுமா?"

அவர் முகம் செத்துப்போனது. "ஒங்களக் கேட்டுத்தான மேடம் வந்தேன்? ஒங்க கண்ட்ரோல் இல்லன்னு சொன்னியளே. ஆர்டர் இல்லாம ஒரு ரவுண்டு சுட்டவன் இல்ல நான்."

தோட்டாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

ரிசர்வ் ஃபாரஸ்ட், புறம்போக்கு, சொந்தப் பட்டா, எங்கே நின்றாலும் காட்டு விலங்கு காட்டு விலங்குதான். ஓர் இடத்துக்குள் போகலாம் என்பதால் அங்கே சுடலாம் என்றாகிவிடாது. பன்றித் தொல்லை என்றால் மனு கொடுக்க வேண்டும். என்ன செய்வதென்று துறைதான் முடிவெடுக்கும். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

3. மெமோ

"சுட்டாரா?" என்று கேட்டார் ரேஞ்சர்.

"இல்ல சார்."

"பொறவு எந்தத் தைரியத்துல அங்க போனாரு?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. ராமசுப்பு வெளியே பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "நான் பாதிப் பதில் சொல்லி அனுப்பிட்டேன் சார்" என்றேன்.

எனக்கு மெமோ, அவருக்கு எச்சரிக்கை. துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. அதன் பிறகு அவர் கொடுத்த மனு மேலே போய் ஆள் வருவதற்குள் சோளம் முழுவதும் பன்றிக்குப் போனது. அந்த வழியே போக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சந்தேகப்படாதீர்கள் என்று சொல்லமாட்டேன். இந்த வேலைக்கு அது வேண்டும். ஆனால் சந்தேகப்படுகிற ஆளுக்குத்தான் முதலில் முழுப் பதிலும் சொல்ல வேண்டும். ராமசுப்பு மேல் நான் படாத சந்தேகம் இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்புவார் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.