தெருவிளக்கு எரிவதற்குள் கரையான்சாவடி

எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ரயில் நிலையத்து நடைமேம்பாலம்தான். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊர் தோசைக்கல் மாதிரித் தட்டை. அப்படிப்பட்ட இடத்தில் மலையேறுகிறவர்கள் குழு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே சேர்ந்துவிட்டேன். அம்மாவிடம் அப்புறம்தான் சொன்னேன்.

"வீட்ல இருக்கறதே ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான். அன்னிக்கும் நடக்கப் போறியா? யாருடி உன்னைத் துரத்துறா?" என்றாள்.

யாரும் துரத்தவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்குள் வாரம் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கால் இரண்டும் மேஜைக்கு அடியில் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரி, "உன் காலால என் மானிட்டர் ஆடுது" என்று புகார் சொல்கிற அளவுக்கு. அந்தக் கால்களுக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

குழுவின் பயிற்சி நெமிலிச்சேரி ஸ்டேஷனில் நடக்கும். அடுத்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு எங்கேயும் போகாமல் இருப்பவர்கள் அநேகமாக நாங்கள் மட்டும்தான். முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்துக்கொண்டு நடைமேம்பாலத்தில் ஏறுவோம், இறங்குவோம், மறுபடியும் ஏறுவோம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் பொறுக்க முடியாமல், "வண்டி இந்தப் பக்கம்தான் வரும்மா, ஏன் அலையுற?" என்பார்.

மழை விட்ட காலைகளில் மேம்பாலத்தின் உச்சியில் நின்றால் வடமேற்கே, வயலுக்கும் கட்டடங்களுக்கும் அப்பால், மெல்லிய நீலக் கோடு ஒன்று தெரியும். அதுதான் ஆந்திர எல்லையைத் தாண்டி இருக்கும் மலை என்பது எங்கள் கேப்டன் கட்சி. வெறும் மேகம் என்பது லேத் அண்ணன் கட்சி.

கேப்டன் என்று நாங்கள் கூப்பிட்டது ஒரு அக்காவை. அவருடைய அப்பா டாங்கி தொழிற்சாலை வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்தவர். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த அக்கா, இப்போது பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் எப்போதும் விசில். லேத் அண்ணன் அம்பத்தூரில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். அகலமான உடம்பு, அதைவிட அகலமான சிரிப்பு. மேம்பாலத்தில் நான் இரண்டு இரண்டு படியாகத் தாவி அவரைத் தாண்டும்போதெல்லாம், "இன்னா தங்கச்சி, ரயிலு புடிக்கப் போறியா?" என்பார்.

அந்த மலைக்குக் குழு வண்டி பிடித்துப் போகும். வண்டியில் இடம் வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு சமதள நடையை முடிக்க வேண்டும். காலையில் நெமிலிச்சேரியில் கிளம்பி, வயல் பாதைகள் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரி, திரும்பும்போது திருமழிசை, பூந்தமல்லி, கடைசியாகக் கரையான்சாவடி டீக்கடை. தெருவிளக்கு எரிவதற்குள் டீக்கடைக்கு வந்தவருக்கு இடம் உண்டு. விளக்கு எரிந்த பிறகு வந்தவருக்கு டீ மட்டும்.

ஆபீஸில் எல்லோரிடமும் மலைக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டேன். பையும் தொப்பியும் வாங்கிவிட்டேன். நடை நாளன்று முதல் ஆளாக முன்னால் போய் நின்றேன். கேப்டன் அக்கா ஒரு ஆரஞ்சு கைத்துண்டை எடுத்து வந்து என் பையின் பின்னால் முடிச்சுப் போட்டார்.

"இது என்னக்கா?"

"வாலு. புதுசா வர்றவங்கதான் தலைதெறிக்க ஓடுறது. அதனால வாலை அவங்களுக்குத்தான் கட்டுவோம். நீதான் கடைசி. யாரையும் தாண்டக் கூடாது, யாரையும் விட்டுட்டும் வரக் கூடாது. வெரசா வந்து சேருங்க, என்ன?"

எனக்கு முன்னால் நடந்தவர், வேறு யார், லேத் அண்ணன்தான்.

அவர் மெதுவாக நடப்பவர் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. நடந்தால் நன்றாகவே நடந்தார். ஆனால் நடக்கவில்லை. அவருக்குத் தெரியாத ஆள் அந்த வழியில் ஒருவரும் இல்லை. பஞ்சர் கடைக்காரர் அவரிடம் சக்கரத்துக்குப் புஷ் கடைந்து வாங்கியவர். பம்ப்செட் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர் மச்சானுடைய மச்சான். டிராக்டரை நிறுத்தி இறங்கிய ஒருவர், "மாமே! உன்னப் பாத்து எம்மா நாளாச்சு!" என்று கட்டிப்பிடித்தார். ஒவ்வொருவரிடமும் நின்று, குடும்பம் விசாரித்து, என்னையும் அறிமுகம் செய்து வைப்பார். "நம்ம தங்கச்சி. கம்ப்யூட்டர்ல கீது. எனக்கு வாலு."

நான் ஒற்றைக்காலில் நின்று, கால் மாற்றி நின்று, வானத்தைப் பார்த்தேன். குழுவின் தொப்பிகள் வரப்பின் மறுமுனையில் புள்ளிகளாகிவிட்டன.

ஏரிக்கரை வந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். புளியோதரையை விழுங்கிக்கொண்டே கேட்டுவிட்டேன்: "அண்ணா, நிஜமாவே மலைக்கு வரணும்னு இருக்கா உங்களுக்கு?"

அவர் ஏரியைப் பார்த்தார். காற்று அடித்து, நீர் முழுக்கச் சின்னச் சின்னதாக மடங்கிக்கொண்டிருந்தது.

"பொறந்ததுலேருந்து இந்தத் தட்டத் தரைலயே சுத்திகினு கீறேன்மா. நானு எதையும் மேலேருந்து பாத்ததே இல்ல. ஒரே ஒரு தபா மேல நின்னு, கீழ இன்னா கீதுன்னு பாக்கணும். ரெண்டு தபா இந்த நட நடந்தேன். ரெண்டு தபாவும் லைட்டு எரிஞ்சிருச்சு."

"யாராவது கூப்பிட்டா நிக்காம போக வேண்டியதுதானே?"

"கூப்புட்றப்ப எப்டிமா நிக்காம போறது?" என்றார். நான் ஏதோ மூச்சு விடாமல் இருக்கச் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

வெயில் சாய்ந்த நேரத்தில் திருமழிசை வந்தோம். தொழிற்பேட்டையைத் தாண்டிப் பழைய தெருவுக்குள் திரும்பினோம். தெருமுனை வீட்டு வாசலில் ஒரு அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சி ஊடு," என்றார் அண்ணன், குற்றவாளி மாதிரி. "வர்றேன்னு போன்ல சொல்லிட்டேன்."

"வாண்ணா! கோழிக் கொழம்பு வெச்சிகீறேன். குந்து, குந்து. நீயும் குந்தும்மா."

உட்கார்ந்தால் தீர்ந்தது. எனக்கு மலை இல்லை, அவருக்கு மூன்றாவது முறையும் இல்லை. குழம்பின் வாசனை வேறு. அப்போதுதான் என் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இந்த மனுஷனை நிற்காமல் இருக்க வைக்க யாராலும் முடியாது. ஆனால் அவரை நிறுத்துகிறவர்களை நடக்க வைக்கலாமே!

"அக்கா, கொழம்பை டிபன் கேரியர்ல போடுங்க. கரையான்சாவடில சாப்பிடலாம். நீங்களும் வாங்க. வழியெல்லாம் பேசிகிட்டே போலாம்."

"நடந்தா? பஸ்ஸு போவுதேமா!"

"பஸ்ல போனா உங்க அண்ணனால மலைக்குப் போக முடியாது."

அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "மெய்யாலுமா? மலைக்கா? நீயா?"

அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

அந்த அம்மாள் உடனே முந்தானையைச் செருகினார். உள்ளே பார்த்து, "யோவ், வண்டிய எட்த்துகினு வா. கேரியர மாட்டு. ஓட்டாத, தள்ளிகினு வா!" என்று கத்தினார். அவர் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏன் என்று கேட்காமல், மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

நெடுஞ்சாலையில் பேருந்துகள் எங்களை உரசிக்கொண்டு போயின. நாங்கள் ஓரமாக, அண்ணன், தங்கை, நான், மொபெட் என்று வரிசையாக நடந்தோம். ஒரு ஷெட் வாசலில் யாரோ, "அண்ணாத்தே!" என்று கூப்பிட்டார்கள். அண்ணனின் கால் தயங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டார்.

"நிக்கக் கூடாது! பேசணும்னா நடந்துகினே பேசு!"

கூப்பிட்டவர் கையில் இருந்த ஸ்பேனரோடு கூடவே வந்தார். கொஞ்ச தூரம் கழித்து வெற்றிலைக் கடையிலிருந்து இன்னொருவர். "எங்க, ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டவருக்கு ஸ்பேனர்காரர், "அண்ணன் மலைக்குப் போறாராம்," என்றார். "இன்னிக்கேவா?" என்று அவரும் சேர்ந்துகொண்டார். பேச்சு ஏற ஏற அண்ணனின் நடையும் ஏறியது. சிரிக்கும்போது அவருக்கு இன்னும் வேகம் வரும் என்பதைக் கண்டுபிடித்தேன். பூந்தமல்லி நெரிசலுக்குள் நுழைந்தபோது நான் கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தேன்.

கரையான்சாவடி டீக்கடை பெஞ்சில் குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. கேப்டன் அக்கா எழுந்து நின்று எங்கள் ஊர்வலத்தைப் பார்த்தார். விசில் வாயிலிருந்து நழுவி விழுந்தது.

"லைட்டு எரிஞ்சிருச்சே!" என்று குழுவில் ஒருவர் டீக்கடையைக் காட்டினார்.

"அது கடை லைட்டுய்யா!" என்றார் ஸ்பேனர்காரர். "தெரு லைட்ட பாரு. எரியுதா? கண்ணு தெரியல?"

"நீங்க யாரு சார்?"

"நானு அண்ணாத்த ஆளு!"

இந்தச் சண்டை நடக்கும்போதே அண்ணனை உள்ளே தள்ளிவிட்டு, நான் சாக்கடைப் பலகையைத் தாண்டிக் கடை வாசலில் கால் வைத்தேன். தலைக்கு மேல் தெருவிளக்கு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

"வால் வந்தாச்சு!" என்று கத்தினேன்.

"இல்லையே," என்றார் அதே குழுக்காரர். "மொபெட்டு இன்னும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குது."

கேப்டன் அக்கா ஒரு கணம் யோசித்தார். "அவரு நம்ம குழுவுல இல்ல. கணக்குல வராது."

"அப்ப அதுல வர்ற கோழிக் கொழம்பு?" என்று தங்கை கேட்டார்.

"அது குழுவுல சேர்த்தி," என்றார் கேப்டன். கடையே சிரித்தது. பன் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் முறை.

அடுத்த மாதம் மலை. விடியும் முன்பே வண்டி கிளம்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்த அண்ணன் வழி முழுக்க மலை இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு வந்தார். அடிவாரத்தில் இறங்கியதும் மேலே ஒரு தடவை பார்த்தார், நடக்க ஆரம்பித்தார். அங்கே அவரைக் கூப்பிட ஒருவரும் இல்லை. பஞ்சர் கடை இல்லை, டிராக்டர் இல்லை, தங்கை வீடு இல்லை. உருண்டைக் கற்களுக்கு மேல், ஓடை நீருக்குள், வேர்களைப் பிடித்துக்கொண்டு அந்த அகலமான உடம்பு போன போக்கை நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு வால் கட்டவில்லை. கட்டாமலே கடைசியாக வந்தேன். தொடை நடுங்கியது, மூச்சு கிடைக்கவில்லை, ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

"இன்னா தங்கச்சி!" மேலேயிருந்து குரல் வந்தது. "ரயிலு போயிடப் போவுது!"

ஒரு பாறை தாண்டினேன், இன்னொன்று தாண்டினேன். இனி ஒரு அடிகூட முடியாது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, உச்சிப் பக்கத்திலிருந்து வேறு ஏதோ குழுவின் பேச்சுச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் முன்பின் கேட்காத ஒரு குரல் உற்சாகமாகக் கத்தியது:

"மச்சான்! நீ எங்கடா இங்க?"

அப்பாடா என்று பையைக் கழற்றி வைத்துவிட்டு, பாறை மேல் கால் நீட்டி உட்கார்ந்தேன்.